வயர்லெஸ் கார்டும் செங்கம்மாளின் மைக்கும்

ராமர் கோயில் இருக்கும் மதுராந்தகத்தில் பிறந்ததால் கோதண்டராமன் என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் வில் இருந்தது. ஆளைப் பார்த்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லவே யோசிப்போம், அப்படி ஒரு ஒடிசல் உடம்பு. மனசும் ஏறக்குறைய அதே அளவுதான்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தது 1992இல். முதலில் டிவி ரிப்பேர் கடை. கடைக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். அடுத்து செங்கல்பட்டில் எஸ்.டி.டி. பூத், ஊரெல்லாம் செல்போன் வந்தது, பூத் போனது. பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தான். சென்டர் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்ப்பலகையைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு காணாமல் போனார். கடைசியாக கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன கம்பெனி. ஆள் குறைத்தபோது முதல் ஆள் இவன். ஆக, நாலு வேலை. நாலில் ஒன்றைக்கூட இவனாக விடவில்லை, வேலைதான் இவனை விட்டது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து மனைவி சாருலதாவிடம் சொல்லும்போது அவள் ஒன்றும் திட்டமாட்டாள். "சாப்பிட வாங்க" என்பாள். அதுதான் அவனுக்குத் தாங்காது.

சுனாமிக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. மாமல்லபுரத்திலிருந்து செய்யூர்க் கரைவரைக்கும் பத்து மீனவக் குப்பங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு அறை எடுத்து, ஒரு கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் வைத்தார்கள். அலை எத்தனை மீட்டர், காற்று எந்தப் பக்கம் என்று தினமும் இணையத்தில் வரும் விவரத்தைப் படித்து மைக்கில் சொல்ல வேண்டும். குப்பங்களுக்கு டெலிபோன் கம்பி கிடையாது. அதனால் கோபுரத்திலிருந்து காற்றுவழியாக இணைப்பு, அதைப் பிடிக்க கம்ப்யூட்டருக்குள் ஒரு வயர்லெஸ் கார்டு. பத்து மெஷினையும் பார்த்துக்கொள்ளும் வேலை கோதண்டராமனுக்குக் கிடைத்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். ஆனாலும் டிவிஎஸ் 50இல் திருப்புளிப் பையை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகும்போது ஒரு ஆபீசர் களை அவனுக்கு வந்துவிடும்.

மெஷின்களில் போட்டிருந்தது லினக்ஸ். ஓசியில் கிடைக்கும், வைரஸ் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே மாட்டும் சாமான் ஒவ்வொன்றையும் அதற்குப் பழக்கிவைக்க வேண்டும். அப்படிப் பழக்கிவைக்கும் சமாசாரத்துக்குத்தான் டிரைவர் என்று பெயர். மற்ற சாமான்களெல்லாம் சொன்னபடி கேட்கும். வயர்லெஸ் கார்டு மட்டும் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி, எதற்கு முறுக்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதற்கான டிரைவரை கோதண்டராமனே சிடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து, அதற்கேற்றபடி கட்டி ஏற்றியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, இருக்கட்டுமே.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தில் மைக் செங்கம்மாளிடம் இருந்தது. முப்பது வயது, பத்தாவது படித்தவள். சுனாமி அன்று கடலுக்குள் போயிருந்தவர்கள் எல்லாம் பிழைத்தார்கள், கரையில் இருந்தவர்கள்தான் போனார்கள். அவள் புருஷனுக்கு முதல்நாள் காய்ச்சல். "இன்னிக்கு போவாதே" என்று அவள்தான் நிறுத்திவைத்தாள். மாமியார் அதை மறக்கவும் இல்லை, யாரையும் மறக்கவிடவும் இல்லை.

தாலியறுத்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகக் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் வழக்கம். அதனால் வேலைக்கு அவளைப் போடும்போதே ஊர்ப் பஞ்சாயத்து ஒரு கட்டுப்பாடு சொன்னது. படகு இறங்கும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துதான் பேச வேண்டும். குரல் வரலாம், முகம் வரக் கூடாது. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாருங்கள்! அவள் அதற்கும் சரி என்றாள். ரெண்டு வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் குரல்தான் குப்பத்தை எழுப்பியது. "தெற்குக் காத்து, அலை ஒண்ணரை மீட்டர், போலாம்" என்று அவள் சொன்னால் போனார்கள். "வேணாம்" என்றால் வலை பின்ன உட்கார்ந்தார்கள். முகத்துக்கு இல்லாத மரியாதை குரலுக்கு இருந்தது. அதைக் கொண்டுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள். ஒருமுறை கோதண்டராமனிடமே சொன்னாள்: "இந்த மைக்கு இல்லேனா நான் எங்க சார்? வூட்டுல ஒரு மூலையில கெடந்திருப்பேன்."

2007 ஆடி மாதம் அவன் போனபோது அவளுக்கு ஒரு குறை இருந்தது.

"இன்னா சார் இது, தமிழ்ல வந்தா கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால போய் நின்னுகினு கீது. ஒரு வரி படிக்கறதுக்குள்ள பேஜாரா பூடுது. இத்த சரி பண்ணிக் குடுங்க சார்."

மெஷினில் எதையும் புதுப்பிக்கக் கூடாது, அப்படிச் செய்வதென்றால் சென்னையில் இருக்கும் அத்வைத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. அத்வைத் திட்ட மேலாளர், இவனைவிடப் பத்து வயது சின்னவன். நாகப்பட்டினம் பக்கம் ஒருவன் கேட்காமல் கைவைத்து மூன்று மெஷின் படுத்துவிட, மறுநாளே அவனை அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும், எழுத்து சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே என்று கோதண்டராமன் பையிலிருந்த புதிய சிடியைப் போட்டு, எல்லாவற்றையும் புதுப்பி என்று கட்டளை கொடுத்தான். கொம்புகள் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. செங்கம்மாள் சின்னக் குழந்தை மாதிரி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். இவனுக்கும் சந்தோஷம். பதிவுப் புத்தகத்தில் "தூசி தட்டப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பினான்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் மெஷின் இரவும் பகலும் அணையாமல் ஓடியது. அணைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்ததும் இவன்தான்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனது. விடியும்போது இன்வெர்ட்டரும் தீர்ந்து, மெஷின் அணைந்து, மைக்கும் செத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் ஊர்த் தலைவர் கருப்பன் வீட்டுப் புதுப் படகு முதன்முதலாக இறங்குகிறது. மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தில் கற்பூரம் ஏற்றியாயிற்று. கரண்ட் போவதற்கு முன்பே வந்த விவரத்தை செங்கம்மாள் தாளில் குறித்து வைத்திருந்தாள்: அலை மூன்று மீட்டர். சொல்ல மைக் இல்லை. அறைக்குள் எத்தனை நேரம் தவித்தாளோ தெரியாது. கதவைத் திறந்துகொண்டு மணலில் ஓடிவந்தாள்.

"அண்ணாத்த! வேணாம் அண்ணாத்த! அலை மூணு மீட்டர்னு போட்டுக்கீது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் முகத்தை. குறித்த நேரம் தவறக் கூடாது என்று படகை இறக்கினார்கள். முதல் அலையிலேயே கவிழ்ந்தது. இன்ஜின் உப்புத்தண்ணீர் குடித்தது, கருப்பனின் தம்பி சடையப்பனுக்குக் கால் முறிந்தது. அவள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு ஊர் என்றால் என்னவென்று தெரியாது. பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷின் தானாக எழுந்தது. ஆனால் இணைப்பு வரவில்லை. முகத்தைக் காட்டினாள், படகு கவிழ்ந்தது, அதே நாளில் மெஷினும் செத்தது. குப்பத்துக்கு வேறு என்ன வேண்டும்?

கோதண்டராமன் மறுநாளே வந்தான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தான். கார்டு உள்ளே இருக்கிறது என்றது மெஷின். சரி, எழுந்திரு என்றால், அப்படி ஒரு டிரைவரே இல்லை என்றது. கரண்ட் போனதில் கார்டு கெட்டிருக்கும் என்று நினைத்து, வடக்கே இருந்த அடுத்த குப்பத்து மெஷினிலிருந்து அதே மாதிரிக் கார்டைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினான். அதுவும் ஓடவில்லை. திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டினால் முதல் நொடியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பரிசோதனையை அவன் செய்யாமலே இருந்திருக்கலாம். இரண்டு குப்பத்திலும் வாசலில் வேடிக்கை பார்த்த பெண்கள் அன்று சாயங்காலத்துக்குள் சேதியை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்: நல்ல கார்டுகூட அவள் அறைக்குள் வந்தால் சாகிறது.

இரண்டு வாரம் முட்டி மோதியபின் பென்டிரைவில் டிரைவர் கோப்பையே பக்கத்துக் குப்பத்திலிருந்து எடுத்துவந்தான். போட்டால், வடிவம் பொருந்தவில்லை என்று வந்தது. அந்த வரியைத் தாளில் எழுதிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், லினக்ஸ்காரர்கள் கேள்வி பதில் எழுதிக்கொள்ளும் மடல் குழுவில் கேட்டான். மூன்று நாள் பதிலே இல்லை. அதற்குள் கருப்பன் அறைக்கு வந்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கங்கையம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து என்றும், மெஷின்காரர் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். காரணம் மெஷினில் இருந்தால் செங்கம்மாள் இருப்பாள். இல்லையென்றால் வேறு ஆள்.

"நீங்கதான் சார் சொல்லணும்" என்றாள் செங்கம்மாள். "நான் சொன்னா எவன் கேக்கறான்? கண்டுபுடிச்சிடுவீங்கல்ல?"

"பாத்துக்கலாம் செங்கம்மா. மெஷின்னா காரணம் இல்லாம இருக்காது" என்றான். அப்போது அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் மடல் குழுவிலிருந்து பதில் வந்திருந்தது. "எந்த கர்னல் என்றே சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?" என்று யாரோ முகம் தெரியாத ஆள் எரிந்து விழுந்திருந்தான். கர்னல் என்பது லினக்ஸின் அடித்தளம். டிரைவரை எந்த கர்னலின் மேல் கட்டினோமோ அதோடுதான் அது ஒட்டும். கோதண்டராமன் வண்டியை விரட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்து மெஷினைத் திறந்தான். உள்ளே ஒரு கர்னல் இல்லை, இரண்டு இருந்தன. பழையதில் டிரைவர் பத்திரமாக இருந்தது. இப்போது ஓடிக்கொண்டிருந்தது புதியது, அதில் டிரைவர் இல்லை. புதியதன் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்த தேதியும் நேரமும் போட்டிருந்தன: ஆகஸ்ட் ஏழு, காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

கொம்புகளைச் சரிசெய்த நாள். எல்லாவற்றையும் புதுப்பி என்று அவன் சொன்னபோது கர்னலும் சேர்ந்து வந்திருக்கிறது. மெஷின் அணையாததால் மூன்று வாரம் பழையதிலேயே ஓடியிருக்கிறது. கரண்ட் போய் வந்து முதல்முறை எழுந்தபோது புதியதில் எழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். யாருடைய முகமும் இதில் இல்லை. இதில் இருந்தது இவன் கை மட்டும்.

மணி ஒன்றரை. சரிசெய்யப் பத்து நிமிஷம் போதும். சிடியைப் போட்டு டிரைவரைக் கட்ட ஆரம்பித்தான். திரையில் வரிகள் ஓடின. செங்கம்மாள் பின்னால் நின்று, "கெடைச்சுட்டுதா சார்?" என்றாள். இவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. பஞ்சாயத்துக்காக மூன்றரைக்கு வருவதாகச் சொன்ன அத்வைத் ரெண்டு மணிநேரம் முன்னதாக வந்திருந்தான்.

அந்த நொடியில் கோதண்டராமன் செய்தது யோசித்துச் செய்தது அல்ல. கையே செய்தது. ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, திரையை மூடி, சிடியை எடுத்துப் பைக்குள் போட்டான். அத்வைத் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்ன சார், மூணு வாரமா ஒரு கார்டு வரமாட்டேங்குதா? நீங்க எதையாவது அப்டேட் பண்ணீங்களா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல சார். புத்தகத்துல பாருங்க, தூசி தட்டினது மட்டும்தான்."

செங்கம்மாள் அவனைப் பார்த்தாள். அப்டேட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கொம்பு சரியானது மட்டும்தான் தெரியும். அதனால் அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பார்வை. அதற்குப் பதில் அவள் காறித் துப்பியிருக்கலாம்.

கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். செங்கம்மாள் தூரத்தில், கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் நின்றாள். சடையப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அலை இருந்துச்சு, கவுந்துது. அத்த வுடு" என்றார் கருப்பன். நியாயமான மனுஷன்தான் அவர், குரலில் கோபம்கூட இல்லை. "மெஷின் ஏன் செத்துச்சு? மத்த ஒம்போது குப்பத்துல ஓடுது. இங்க மட்டும் ஏன் ஓடல? சொல்லுங்க சார்."

"மெஷின் கோளாறுதாங்க" என்றான் கோதண்டராமன்.

"இன்னா கோளாறு?"

பக்கத்தில் அத்வைத் உட்கார்ந்திருந்தான். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. ஐந்தாவது தடவையாக வீட்டுக்குப் போய்ச் சொன்னால் சாருலதா "சாப்பிட வாங்க" என்பாள். கோதண்டராமன் மணலைப் பார்த்தான்.

"இன்னும் கண்டுபிடிக்கலீங்க."

"பக்கத்துல ஓடின கார்டு இங்க வந்தா ஓடல. திரும்பி அங்க போனா ஓடுது. நீங்களே பாத்தீங்கல்ல? படிச்சவங்க நீங்க, உங்களுக்கே தெரியலன்னா நாங்க இன்னானு நெனைக்கறது?"

கருப்பன் காத்திருந்தார். வட்டமே காத்திருந்தது. ஒரு வார்த்தை போதும். அதைக் கேட்டால் அந்த மனுஷன் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று கோதண்டராமனுக்கு இன்றைக்கும் தோன்றும். அவன் தலையை நிமிர்த்தவில்லை. அத்வைத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் எடுக்கும் முடிவை நிறுவனம் மதிக்கும் என்றான். கருப்பனின் மருமகள் பொன்னி ஒன்பதாவது படித்தவள், தாலியோடு இருப்பவள். மைக் அவளுக்குப் போனது. செங்கம்மாள் இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்து, யார் கையிலும் கொடுக்காமல் கோயில் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை கோதண்டராமன் வந்தான். பழைய கர்னலில் எழும்படி மெஷினை மாற்றினான். புதியதை அடியோடு அழித்தான், ஆகஸ்ட் ஏழும் அதோடு அழிந்தது. பெயருக்குக் கார்டைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டினான். பொன்னி பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. வாசலில் குலவை போட்டார்கள். கருப்பன் தேங்காய் உடைத்தார்.

"பாத்தீங்களா சார்? ஆளு மாறுச்சு, ஓடுது. நாங்க படிக்காதவங்கதான், ஆனா எங்களுக்கும் ஒண்ணு ரெண்டு தெரியும்."

கோதண்டராமன் தலையாட்டினான். அடுத்த மாதம் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். மூன்று வாரம் விடாமல் பாடுபட்டதற்கு அத்வைத் ஒரு பாராட்டுக் கடிதம் வேறு அனுப்பினான். சாருலதா அதைப் பிரேம் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கத்தினான். அவள் பயந்துபோனாள், அதற்கு முன் அவன் அவளிடம் கத்தியதே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் சதுரங்கப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் செங்கம்மாளைப் பார்த்தான். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, டச்சுக்காரன் கோட்டைச் சுவரோரம் நிழலுக்கு ஒதுங்கியிருந்தாள். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்றுதான் நினைத்தான். அவளே கூப்பிட்டாள்.

"சார்! நல்லா கீறீங்களா?"

வண்டியை நிறுத்தினான். மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றான். பொன்னி காற்றின் திசையை மாற்றி மாற்றிச் சொல்கிறாள், கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றாள். சரி என்றான்.

"உங்கள நெனச்சாத்தான் சார் கஷ்டமா இருந்துச்சு. மூணு வாரமா என்னால அலைஞ்சீங்க."

"உன்னால ஒண்ணும் இல்ல செங்கம்மா."

அவள் கூடையிலிருந்த ஈயை ஓட்டினாள். "எங்க மாமியா, நான்தான் அவர முழுங்கிட்டேன்னு சொல்லும்போதெல்லாம் சண்டைக்கு போவேன் சார். காய்ச்சலுன்னு நிறுத்தினேன், அதுல இன்னா தப்பு? கடல் வந்ததுக்கு நான் இன்னா பண்ணுவேன்? மனுசங்க ஆயிரம் சொல்லுவாங்க, காதுலயே போட்டுக்க மாட்டேன். ஆனா மெஷினுக்கு என் மேல இன்னா சார் கோவம்? அதுக்கு ஜாதியா, சாமியா, மாமியாவா? நான் வெளிய போனதும் ஓடுச்சே. அப்போ எல்லாம் நெசந்தானே? அவரு போனது உள்பட?"

"அப்படியில்ல."

"பின்ன எப்படி சார்?"

சும்மா கேட்கவில்லை அவள். முகத்தை நிமிர்த்தி, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்பாக்கம் பஸ் வந்து நின்றது, அவள் ஏறவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போனது. அவள் அப்போதும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியல செங்கம்மா" என்றான் கோதண்டராமன்.

நாள், மணி, நிமிஷம் எல்லாம் அவனுக்குத் தெரியும்.